ஊதா என்றால் எந்த இழை?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. இருந்த கொஞ்சமும் எண்ணூரிலும் மணலியிலும் கேபிள் பள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்று கத்தியே தீர்ந்துபோனது. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என்னை யாரும் தூரத்து ஊருக்கு மாற்ற முடியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன். ஊக்கம் வேண்டுமென்றால் பயிற்சி வகுப்பில் கிடைக்கும். அங்கே பிஸ்கட்டும் தருவார்கள்.

அந்த வகுப்பில் தரநிலைகளைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். எந்த நாட்டில் செய்த கருவியும் எந்த நாட்டுக் கருவியோடும் பேசும், ஒரு கம்பெனியின் சொருகி இன்னொரு கம்பெனியின் துளையில் பொருந்தும், அதற்கெல்லாம் உலகம் ஒத்துக்கொண்ட விதிகள் இருக்கின்றன என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். கருவிகள் விதியை மீறுவதில்லை. எனக்குத் தெரிந்து எந்தக் கருவியும், இன்றைக்கு வெயில் ஜாஸ்தி, சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னதில்லை. நாம்தான் சொல்வோம். அதனால் கருவிகளை விட்டுவிடுகிறேன். இரண்டு நல்ல மனிதர்களையும் அவர்களுக்கு நடுவில் கிடந்த ஒரு சொல்லையும் பற்றிச் சொல்கிறேன். அந்தச் சொல்லால் லூர்து என்பவரின் தொழில் போனது. அதைக் காப்பாற்ற எடுத்த முயற்சியே அவர் கழுத்துக்குச் சுருக்காக வந்தது.

கண்ணாடி இழைக் கேபிளை நீங்கள் இப்போது தினமும் உரிக்கிறீர்கள். உள்ளே தலைமுடி கனத்தில் பன்னிரண்டு இழைகள், ஆளுக்கொரு நிறம். எங்கள் கேபிள்கள் எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான். முதலாவது நீலம், பத்தாவது வயலட். இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை இந்தக் கதைக்கு வேண்டாம்.

ரோட்டில் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கன்ட்ரோல் ரூமிலிருந்து போனில் இழையைச் சொல்வதற்கென்று விதி உண்டு. எண்ணையும் நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டையும் திருப்பிச் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன்னால், அந்த இழையில் ஒளி ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் விதி.

எங்கள் பிரிவில் எண்ணைச் சொல்லும் வழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது. சோம்பல் என்று நினைக்காதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும்போது, போனில் ‘ஒண்ணு’ம் ‘மூணு’ம் ஒரே மாதிரிதான் கேட்கும். ஒருமுறை ஒன்றுக்குப் பதில் மூன்றை வெட்டிவிட, திருவொற்றியூரில் ஒரு வங்கிக்கிளை லைன் இல்லாமல் பகல் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மேலிடத்தில் வாங்கிய திட்டுக்குப் பிறகு, எண் வேண்டாம், நிறத்தை மட்டும் சொல்வோம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவுக்கு வந்தோம். பச்சையைப் பச்சை என்றுதானே கேட்பார்கள். எங்களுக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒரு தவறும் நடக்கவில்லை, அதனால் அந்த வழக்கத்தை யாரும் சந்தேகப்படவும் இல்லை.

லூர்து ராயபுரத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் ஏறினால் குடலைப் புரட்டும் என்பதால், தரையில் பள்ளத்துக்குள் இறங்கினார். இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசர் வேலை, கான்ட்ராக்ட்டில். நல்ல கை. சிடுசிடுப்பும் உண்டு. நான் பள்ளத்தின் ஓரம் நின்று ஏதாவது கேட்டால், மேடம், பேசினால் கண்ணாடியில் மூச்சு படும் என்று என்னையே அதட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

கன்ட்ரோல் ரூமில் என் பக்கத்து மேசை செல்வின் சார். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அண்ணன்மார் தண்டையார்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருந்தார்கள், இவர் ஒருவர் மட்டும் படித்து எங்கள் தொலைபேசித் துறைக்கு வந்தவர். மற்ற அதிகாரிகள் புளூ, கிரீன் என்று சொல்லும் இடத்தில் இவர் நீலம், பச்சை, சாம்பல் என்றுதான் சொல்வார். அதில் அவருக்கு ஒரு சின்ன கர்வம். ரோட்டில் இருப்பவர்களுக்கும் அது பிடித்திருந்தது. செல்வின் சார் ஒருத்தர்தான் நம்ம ஆள் மாதிரி பேசுகிறார் என்று லூர்துவே சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்தச் சொல். நான் பிறந்தது தண்டையார்பேட்டை. எங்கள் பக்கத்தில் ஊதா என்றால் நீலம். பள்ளிக்கூடப் பாவாடை ஊதா, பேனா மை ஊதா, காசிமேட்டுப் படகுகளுக்கு அடிக்கும் பெயின்ட் ஊதா. வயலட்டைக் கத்திரிப்பூ கலர் என்போம். செல்வின் சாரின் ஊரிலும் பாடப் புத்தகத்திலும் ஊதா என்றால் வயலட். இரண்டு பேரும் ஆண்டுக்கணக்கில் போனில் பேசியிருக்கிறார்கள், ஒருமுறைகூட இது வெளியில் வரவில்லை. முதல் இழையைச் செல்வின் சார் எப்போதும் நீலம் என்பார். லூர்துவுக்கு நீலமும் புரியும், ஊதாவும் அதுதான். பத்தாவது இழை, எங்கள் கேபிளில் ஒளியே ஏற்றாத காலி இழை. அதன் பேரை எடுக்கவே யாருக்கும் வேலை வந்ததில்லை.

அந்த வேலை ஒரு நாள் மத்தியானம் வந்தது. எண்ணூர் பக்கம் புதிதாக ஒரு டவர் போட்டிருந்தார்கள். காலியாகக் கிடக்கும் பத்தாவது இழையை வெட்டி அந்த டவருக்குப் போகும் கேபிளோடு ஒட்ட வேண்டும். லூர்து பள்ளத்துக்குள் இருந்தார். ஒளி பார்க்கும் கருவி வேண்டுமென்று கேட்டார். இருந்த ஒரே கருவி வேறொரு குழுவோடு மாத்தூர் போயிருந்தது. காலி இழைதானே, ஒளி எங்கே இருக்கப்போகிறது என்று செல்வின் சார் சொன்னார். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். லூர்துவிடம் இருந்தது பட்டன் போன்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். செல்வின் சார் பேசியது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

"லூர்து, அந்த ஊதாவ வெட்டிரும்."

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் பதிலும் கேட்டது. "ஊதாவா சார்?"

"ஆமா, ஊதாதான்."

கவனியுங்கள். திருப்பிச் சொல்லும் விதியை லூர்து மீறவே இல்லை. சொன்ன சொல்லை, சொன்ன எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு அவர் முதல் இழையை, நீலத்தை, வெட்டினார். எனக்கும் எதுவும் உறுத்தவில்லை. எந்த இழையை வெட்டப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எந்த இழையில் என்ன ஓடுகிறது என்பதை ரோட்டில் இருப்பவருக்கும் யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு என்பார்கள்.

நீல இழையை மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆபத்து என்றால் எண் அழுத்தாமலே மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் நேரே மணி அடிக்கிற அவசரத் தொலைபேசி அதில்தான் ஓடியது. வாடகை இழை என்பதால் அது அறுந்தால் எங்கள் பலகையில் விளக்கு எரியாது. அவர்கள் பார்த்து, அவர்கள் புகார் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கே, அதே மத்தியானம், அந்தத் தொழிற்சாலையில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. அவசரப் போனை எடுத்தார்கள். ஊமையாக இருந்தது. யாரோ வாசல் கேட்டுக்கு ஓடினார்கள், யாரோ செல்போனில் நம்பர் தேடினார்கள், ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது. வெந்துபோன தொழிலாளி ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். மாத்தூரில் வீடு, புதிதாகக் கல்யாணம் ஆனவர். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு மருத்துவர்கள் சொல்ல முடியாது என்றார்கள். பிழைத்திருப்பார் என்றோ பிழைத்திருக்க மாட்டார் என்றோ சொல்லியிருந்தால் ஏதோ ஒரு பக்கம் அழுது முடித்திருக்கலாம். இந்தச் ‘சொல்ல முடியாது’ எங்கள் யாரையும் இன்றுவரை விடவில்லை.

விசாரணைக் கமிட்டி வந்தது. தலைவர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். செல்வின் சாரை முதலில் கூப்பிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில், வயலட்டை வெட்டச் சொன்னேன் என்றார். அது பொய் இல்லை. அவர் மனதில் நினைத்தது அதுதான், ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல்லும் இல்லை.

அடுத்து லூர்து. "சார் ஊதான்னாரு. நானு ஊதாவத்தான் வெட்னேன்" என்றார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் எங்கள் பணியாளர் பிரிவு கிளார்க், புத்தகத் தமிழ் படித்தவர். லூர்து சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார்: வயலட் என்றார்கள், வயலட்டைத்தான் வெட்டினேன் என்கிறார். மேசைமேல் வெட்டிய நீல இழை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. தலைவர் அதையும் லூர்துவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பாவம், இந்த மனிதருக்கு நிறம் தெரியாது என்றார்.

நான் எழுந்தேன். இந்தப் பகுதியில் ஊதா என்றால் நீலம், இது கண்ணில் வந்த கோளாறு இல்லை, சொல்லில் வந்த கோளாறு என்று சொன்னேன். தலைவர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க், இல்லை சார், வயலட்தான் என்றார். அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தவர் வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர். அவரிடம் ஊதா எது, காட்டுங்கள் என்று நான் கேட்டேன். அவர் யோசிக்காமல் ஜன்னலின் நீலத் திரையைக் காட்டிவிட்டு, இன்னா மேடம் புதுசாக் கேக்கறீங்க என்பதுபோல் என்னைப் பார்த்தார். தலைவர் சிரித்துவிட்டார். அப்படியானால் உங்கள் வட்டாரத்துக்கே கண் சரியில்லையா என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இது தொழில்நுட்ப விசாரணை, தமிழர்கள் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை இங்கே எழுத முடியாது என்றார். லூர்துவைக் கண் பரிசோதனைக்கு அனுப்ப உத்தரவானது.

எனக்குத் தைரியம் வந்தது. பரிசோதனை என்று ஒன்று வந்துவிட்டால் உண்மை வெளிவந்துதானே ஆக வேண்டும். நிறப்பார்வையைச் சோதிக்கவும் உலகம் ஒத்துக்கொண்ட முறை உண்டு. வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம். எண்ணைப் படித்துச் சொன்னால் போதும், நிறத்தின் பெயரை யாரும் கேட்கவே மாட்டார்கள். அதைச் செய்தவர்கள் நம்மைவிட விவரமானவர்கள்.

எங்கள் துறையோடு ஒப்பந்தம் வைத்திருந்த கிளினிக்கில் அந்தப் புத்தகம் இல்லை. எங்கோ போய்விட்டதாம். அங்கே இருந்தவர் கைக்குக் கிடைத்த கலர் ஒயர்த் துண்டுகளை மேசையில் பரப்பி வைத்து, பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். லூர்து திரும்பி வந்து டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார்.

"ஊதா எதுன்னாரு மேடம். காட்னேன். தப்புன்னு எழுதிக்கினாரு. இது இன்னான்னு இன்னொண்ணக் காட்னாரு, கத்திரிப்பூன்னேன். அதுக்கும் தலைய ஆட்டிக்கினே எழுதறாரு."

நீலத்துக்கும் வயலட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர், இழை வேலைக்குத் தகுதியற்றவர் என்று அறிக்கை வந்தது. அதே சொல், அதே தவறு, இந்த முறை முத்திரையோடு. நான் அன்றைக்குச் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

லூர்துவுக்கு அது தாங்கவில்லை. வேலை போவதைவிட, கண்ணைச் சொன்னதுதான் அவரைச் சுட்டது. என் கண்ணு நல்லாக் கீது, எங்க வேணா வந்து காட்றேன் என்று நின்றார். விடுப்புப் போட்டுக்கொண்டு அவரோடு அரசு கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே புத்தகம் இருந்தது. மருத்துவர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, லூர்து எண்களைக் கடகடவென்று படித்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. இவ்வளவு தெளிவான பார்வையோடு எதற்கய்யா வந்தீர் என்று கேட்டபடியே மருத்துவர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். வெளியில் வந்ததும் லூர்து எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த விசாரணைக் காலத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்தது அந்த இளநீர் குடித்த நேரம் மட்டும்தான்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் விசாரணை மேசைக்கு முன்னால் நிற்கலாம்.

அந்த இரண்டாவது அறிக்கையைக் கமிட்டி முன்னால் வைத்தேன். தலைவர் பொறுமையாகப் படித்தார். நல்லது, இவருக்கு நிறம் தெரியும் என்றார். அப்படியானால் வயலட் என்று சொல்லியும் நீலத்தை ஏன் வெட்டினார் என்று கேட்டார்.

மறுபடியும் சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் மெதுவாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சில வாரங்களுக்கு முன்னால் கான்ட்ராக்ட் ஸ்ப்ளைசர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி கேட்டார்கள். அதுவும் தரநிலையில் எழுதியிருப்பதுதான், யாரும் கொடுத்ததில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் முன்வரிசையில் நின்றவர் லூர்து. கண் சரியில்லை என்றால் விபத்து. கண் சரியாக இருந்தால், கோபத்தில் தெரிந்தே வெட்டியது. ஆள் ஒருவர் இறந்திருப்பதால் போலீஸுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். கருவி கேட்ட குற்றத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

குருடர் இல்லை என்று நாங்கள் நிரூபித்ததும் அவர் கொலைகாரர் ஆகிவிட்டார். தவறாகக் கேட்டவர் என்ற நடு இடம் ஒன்று இருக்கிறதே, அதற்கு அந்த மேசையில் இடமே இல்லை. செல்வின் சாரைத் திரும்பக் கூப்பிடுங்கள், அவர் சொன்ன சொல் எது என்று தமிழில் கேளுங்கள் என்றேன். அவர் வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, தெளிவாக இருக்கிறது என்றார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மனிதாபிமானத்தோடுதான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், மருத்துவத் தகுதியின்மை என்று முடித்துவிடுகிறேன், போலீஸ் வராது, வேறு ஏதாவது வேலைக்கும் சிபாரிசு செய்கிறேன் என்றார்.

லூர்து வராண்டாவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். அவசரப்பட வேண்டாம், வக்கீலைப் பார்ப்போம், நான் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னேன். உங்கள் சாட்சியைத்தான் இரண்டு தடவை பார்த்துவிட்டேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"கேஸுன்னா எத்தினி வருசம் இஸ்துகினு போவும் மேடம்?"

சொல்ல முடியாது என்றேன். மருத்துவர்கள் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

"பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்" என்றார். "அப்பன் ஆளக் கொன்னுட்டான்னு பேசுவானுங்கோ. அதுக்கு பதிலாக் கண்ணு அவுட்டுன்னு பேசிக்கினு போவட்டும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு என்னை நிறுத்தினார்.

உள்ளே போனோம். தலைவர் கிளார்க் மூலமாகக் கேட்டார். லூர்து நிமிர்ந்து நின்று, "எனக்கு கலரு தெர்யாது சார்" என்றார். மருத்துவமனைப் புத்தகத்தில் எண்களை எப்படிப் படித்தாய் என்று கேட்டதற்கு, தோராயமாகச் சொன்னேன் என்றார். கிளார்க் மொழிபெயர்த்தார். அந்த விசாரணை முழுவதிலும் லூர்து சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும்தான் ஒரு சொல் பிசகாமல் சரியாக மொழிபெயர்த்தார்கள்.

செல்வின் சார் அதற்குப் பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டார். ஒரு நாள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என்னைக் கேட்டார்.

"மேடம், நான் அன்னைக்கு ஊதான்னா சொன்னேன்?"

ஆமாம் என்றேன்.

"ஊதான்னா வயலட்தான மேடம்?"

அவர் ஊரில் ஆமாம், எங்கள் ஊரில் இல்லை என்றேன். அதற்குப் பிறகு லூர்துவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார், போகவில்லை. அந்த வருடமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டார். கெட்டவர் ஒருவர்கூட இல்லாத கதை இது. ஒருவரையாவது மனதாரத் திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு இவ்வளவு கனம் இருந்திருக்காது.

போனில் இழையை எண்ணால் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும், ஒன்றுக்கும் மூன்றுக்கும் குழப்பம் வராமல் எண்ணையும் நிறத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். ஏற்கெனவே தரநிலையில் இருக்கிறது, புதிதாக எதுவும் தேவையில்லை என்று பதில் வந்தது. நியாயமான பதில். இருக்கத்தான் இருந்தது. அது இருந்துகொண்டே இருக்க, ஒருவர் செத்தார், இன்னொருவர் உயிரோடு தொழிலை இழந்தார். விதி இல்லாத ஊரில் விதி கேட்டுச் சண்டை போடலாம். விதி இருக்கிற ஊரில் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

ஆனால் புதிதாக ஒரு சுற்றறிக்கை வராமல் இல்லை. இனிமேல் இழை வேலைக்கு வருகிற எல்லோரும் நிறப்பார்வைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று வந்தது. ஒரு சாவிலிருந்து எங்கள் துறை கற்றுக்கொண்டது அதுதான். நீங்கள் சேரும்போது கண்ணைக் காட்டிவிட்டு வந்தீர்களே, எதற்கு இது என்று சிலர் முணுமுணுத்தீர்களே, அது வந்த வழி இதுதான். உங்கள் ஒவ்வொருவர் கோப்பிலும் இருக்கும் அந்தச் சான்றிதழில் லூர்துவின் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடிக்கத்தான் என்னை எழுதச் சொன்னார்கள். எண்ணைக் கேளுங்கள். யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், எண்ணைச் சொன்னால்தான் வெட்டுவேன் என்று சொல்லுங்கள். இவன் பெரிய சட்டம் பேசுகிறான் என்பார்கள், பேசட்டும். இதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், நாளைக்கு ரோட்டில் லாரி ஹாரன் அடிக்கும், நீங்களும் கலரைத்தான் சொல்வீர்கள். என் வீட்டு வாசலில் கேபிள் போடுகிறவர்கள் போனில் பேசுவது என் காதில் விழுகிறது. நான் ஜன்னலை மூடிக்கொள்கிறேன்.

லூர்துவுக்கு வேலை கிடைத்தது, தலைவர் வாக்குத் தவறவில்லை. சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் சாமான் கிடங்கு இருந்தது, அதற்குக் காவலாளி. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவசரமாகச் சில இணைப்பு ஒயர்கள் எடுத்துவர அங்கே போனேன். முனை நீலமாக இருக்கும் வகை ஒன்று, பச்சையாக இருக்கும் வகை ஒன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொருகினால் முனை பாழாகிவிடும். கிடங்குப் பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். காக்கிச் சட்டையில் லூர்து எழுந்து நின்று, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை நல்ல மாதிரி என்று சொன்னார். நரைத்திருந்தார். அலுவலக மேசையில், யாரென்று எனக்குத் தெரியாத புது சூப்பர்வைசர் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பச்சை முனை வேண்டும் லூர்து என்றேன், பழைய பழக்கத்தில்.

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். கை நேரே பச்சைப் பெட்டிக்குத்தான் போனது, பாதி வழியில் நின்றது. சூப்பர்வைசரை ஒருமுறை பார்த்தார். பிறகு கையைக் கீழே போட்டுக்கொண்டு, அந்த ஆளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு கலரு தெர்யாது மேடம். நீங்களே பாத்து எட்த்துக்கங்கோ."

நான் உள்ளே போய் எடுத்துக்கொண்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.